செங்கோட்டையன் தோட்டத்துப் பூஜ்யம்

சுண்டக்காபாளையத்துச் செங்கோட்டையன் தன் கத்தரிச் செடிக்கு விஷ மருந்து அடிக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அடிப்பார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருடமாக இந்த ஏற்பாடு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடந்து வந்தது.

ஆரம்பத்தில் அவர் சொன்னது பொய் இல்லை. முதல் வருடம் நிஜமாகவே அடிக்கவில்லை. அந்த வருடம் பார்த்து ஒரு விவசாய அதிகாரி வந்து, மேடை போட்டு, சால்வை போர்த்திவிட்டுப் போனார். வானொலியில் பேசக் கூப்பிட்டார்கள், போய்ப் பேசினார். 'விஷமில்லா வெள்ளாமைச் சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவராகவும் உட்கார வைத்தார்கள். அடுத்த வருடம் கத்தரியில் புழு விழுந்தது. சால்வையைத் திருப்பிக் கொடுப்பதா, புழுவைக் கொல்வதா என்று மூன்று நாள் யோசித்தார். புழுவைக் கொல்வது சுலபமாகப் பட்டது.

மருந்து வாங்குவதிலும் சிரமம் இல்லை. தொண்டாமுத்தூரில் உரக்கடை வைத்திருந்த ராசப்பன், செங்கோட்டையனின் மனைவி சாமியாத்தாளின் தம்பி. மச்சானின் மானம் தன் மானம் என்று நினைக்கிறவர். டப்பாவைப் புண்ணாக்குச் சாக்கில் சுற்றி, மேலே ரெண்டு முழம் மல்லிகை வைத்து, அக்காவுக்குச் சீர் அனுப்புவது மாதிரி அனுப்பி வைப்பார். செங்கோட்டையன் அதை மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிடுவார். அடிப்பது பட்டப்பகலில்தான். முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு, வழியில் போகிறவரை வலியக் கூப்பிட்டு, "மாட்டுக் கோமியமும் வேப்பங்கொட்டைச் சாறுமுங்க" என்று சொல்லிவிட்டு அடிப்பார். ஒளிந்து செய்கிறவனைத்தான் ஊர் எட்டிப் பார்க்கும் என்பது அவர் கணக்கு.

இதில் ரெண்டு விஷயம் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. ஒன்று, புழு சாகவில்லை. மற்றவர் தோட்டத்துப் புழுவெல்லாம் டப்பா மூடியைத் திருகும்போதே சுருண்டு விழுந்தன. இவர் தோட்டத்துப் புழு, மருந்து பட்டதும் குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று ஊர்ந்தது. அது வைரம் பாய்ந்த வம்சம் என்று முடிவுகட்டினார். ஓட்டை விழுந்த காயை மேடையில் தூக்கிக் காட்டி, "புழுவே திங்காத காய மனுசன் திங்கலாமுங்களா?" என்று கேட்டுக் கைதட்டும் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று வேட்டி. மருந்து அடித்த நாளில் கட்டியிருந்த வேட்டியைத் துவைத்தால் அது மற்ற நாளைவிட வெள்ளையாக வந்தது.

"நீங்க கோமியம் அடிக்கற அன்னிக்கு மட்டும் வேட்டி கல்யாண வேட்டியாட்டம் ஆயிருதுங்க" என்பாள் சாமியாத்தாள்.

"உன்ற கைராசி" என்பார் அவர்.

ஜப்பானில் எவனோ ரயிலுக்குள் விஷப் புகையை விட்டதற்கு அடுத்த வருடம், அதாவது தொண்ணூற்றாறில், வடக்கே ஒரு சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் இயந்திரம் செய்தார்கள். இஸ்திரிப் பெட்டி அளவு இருக்கும். முன்னால் ஒரு மூக்கு. அந்த மூக்கு காற்றை உறிஞ்சும். எதிரி தூவிய நரம்பு விஷம் அதில் இம்மியளவு இருந்தாலும், கோயில் நோம்பிக் கூட்டத்தில் மிதிபட்ட ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும்.

இயந்திரம் நன்றாகத்தான் கத்தியது. கத்தாமல் இருக்க வைப்பதுதான் முடியவில்லை. தராசு முள்ளுக்கு நடு இருப்பது மாதிரி இதற்கும் ஒரு பூஜ்யம் வேண்டும். விஷமே இல்லாத ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்து, இதுதான் பூஜ்யம், இதை ஞாபகம் வைத்துக்கொள் என்று அதற்குக் காட்ட வேண்டும். அப்படி ஓர் இடம் தேசத்தில் அகப்படவில்லை. ஏனென்றால் எதிரியின் நரம்பு விஷமும், பருத்திக்கும் கோசுக்கும் அடிக்கிற பூச்சி மருந்தும் பங்காளிகள். இயந்திரத்துக்கு இன்னார் எதிரி, இன்னார் விவசாயி என்ற பாகுபாடு கிடையாது. கோதுமைக் காட்டில் வைத்தார்கள், கத்தியது. மந்திரி வீட்டு ரோஜாத் தோட்டத்தில் வைத்தார்கள், இன்னும் பலமாகக் கத்தியது. இமயமலையில் பதினாறாயிரம் அடி உயரத்தில் ஒரு சாமியாரின் குகைக்குள் வைத்தார்கள். அங்கேயும் கத்தியது. மௌன விரதத்தில் இருந்த சாமியாரை விசாரித்ததில், முந்தின நாள் ஒரு பக்தர் காலிபிளவர் கறி கொண்டுவந்து கொடுத்ததை எழுதிக் காட்டி ஒப்புக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் உவைஸ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். சின்ன வயதில், அம்மா சபுரா காலையில் ஆப்பம் ஊற்றும்போது ஓடிய வானொலியில் செங்கோட்டையனின் குரலைக் கேட்டே வளர்ந்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒருத்தர் இருக்கிறார், இருபது வருடமாக ஒரு சொட்டு விஷம் தொட்டதில்லை என்று மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை கடிதம் வந்தது. சிங்கம் போட்ட கவர். பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்து அர்த்தம் சொன்னார். செங்கோட்டையனின் தோட்டம் இந்தியாவின் பூஜ்யமாகத் தேர்வாகியிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை ராணுவம் வரும். இயந்திரம் கத்தாமல் இருந்தால் அந்த இடத்தில் சர்க்கார் கல் நடப்படும்.

ஊர் கூடிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து லட்சுமணசாமிக்குக் கண்ணே கலங்கியது.

"அம்பது வருசமா நம்மூருக்கு ஒரு பாலம் கேட்டமுங்க. கடைசில பூஜ்யம் குடுத்துட்டாங்க. அதும் செங்கோட்டையண்ணன் தயவுலதானுங்க கெடச்சுது."

செங்கோட்டையன் சிரித்தார். முந்தின நாள்தான், புழு அதிகம் என்று, ஒரு மூடி கூடவே ஊற்றி ரெண்டு ஏக்கருக்கும் ரெண்டு தடவை அடித்திருந்தார்.

இயந்திரம் கத்தினால் சால்வை போகும், சங்கம் போகும். அது போனால் போகட்டும். ஆனால் சுற்று வட்டாரத்தில் இனி எவன் புளுகினாலும் 'செங்கோட்டையன் கோமியம் அடிச்ச கதை' என்றுதான் சொல்வார்கள். பேரன் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போனாலும் பெண் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

டப்பாவை எங்காவது தூக்கி எறியலாம் என்றால் தோட்டத்தில் ஆள் ஒழியவில்லை. பூஜ்யத்தைப் பார்க்க நரசீபுரம், செம்மேடு என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பார்த்துவிட்டு மோட்டார் ரூம் வாசலிலேயே உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றார்கள்.

வியாழக்கிழமை காலையில் அவர் மூன்று மூட்டை அரப்புத் தூள் வாங்கி வந்து, அண்டாவில் கரைத்து, முதல் கத்தரிச் செடிக்குத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றாள் சாமியாத்தாள்.

"வேண்டுதல்."

"கத்திரிச் செடிக்கு அரப்புத் தேச்சுக் குளிப்பாட்டறதா?"

"நாட்டுக்காக, சாமியாத்தா."

"கட்டிக்கிட்டு வந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு. என்ற தலைக்கு ஒரு நா அரப்புக் கரைச்சுக் குடுத்துருப்பீங்களா? இந்தச் செடி குடுத்து வெச்சதுங்க."

இலைக்கு மேலே தேய்த்தார். இலைக்கு அடியில் தேய்த்தார். காம்பைத் திருப்பி இடுக்கில் தேய்த்தார். நாலு நாளில் ரெண்டு ஏக்கர் முடிந்தது. புழுக்களும் குளித்தன, ஒன்றுகூட முகம் சுளிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பார்த்துவிட்டு, சங்கத் தலைவர் செய்கிறார், காரணம் இருக்கும் என்று தங்கள் தென்னை மரத்துக்கும் ஏணி போட்டு அரப்புத் தேய்த்தார்கள். அந்த வாரம் தொண்டாமுத்தூர்ச் சந்தையில் பெண்கள் தலைக்குத் தேய்க்க அரப்பு இல்லை.

திங்கட்கிழமை ஒரு ஜீப்பும் ஒரு லாரியும் வந்தன. ஜீப்பில் உவைஸும் ஒரு கர்னலும். கர்னலுக்குத் தமிழ் தெரியாது. மீசை மட்டும் தெரிந்தது. லாரியில் எட்டு சிப்பாய்கள். இயந்திரம் போத்தனூர் ஜங்ஷனில் இறங்கியதிலிருந்தே கத்திக்கொண்டு வந்ததாம். பேரூரில் ஒரு தக்காளி வண்டியைப் பார்த்துக் கத்தியது. ராசப்பன் கடைத் தெருவில் கத்திய கத்தில் அதற்குத் தொண்டை கட்டிவிட்டது. அதற்கப்புறம் கொஞ்ச தூரம் கரகரத்தது.

ஊர் எல்லையில் லட்சுமணசாமி ரோஜா மாலையோடு நின்றார். கர்னலின் கழுத்தில் மாலையைப் போட்டதும் இயந்திரம் வீறிட்டது. சிப்பாய்கள் எட்டுப் பேரும் குதித்து, ரப்பர் உடுப்பை மாட்டி, யானை முகம் மாதிரி முகமூடி போட்டுக்கொண்டார்கள். மாலையை ஆறடிக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அப்புறம் இயந்திரத்தை லட்சுமணசாமியின் பக்கம் திருப்பினார்கள். அது மாலைக்குக் கத்தியதைவிட ரெண்டு மடங்கு கத்தியது. அவர் காலையில் காலிபிளவருக்கு மருந்து அடித்த கையோடு வந்திருந்தார். அவரை ரசாயன ஆயுதம் என்று அறிவித்து, நட்ட நடு வீதியில் நிற்கவைத்து, ஏதோ மாவைப் பூசி, ஹோஸ் பைப்பால் கழுவினார்கள்.

"என்னப் போய் ஆயுதங்கறாங்களேண்ணா!" என்றார் லட்சுமணசாமி நனைந்துகொண்டே. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது அவருக்கு.

சித்திரை வெயில். ரப்பர் உடுப்புக்குள் சிப்பாய்கள் அவிந்துகொண்டிருந்தார்கள். சாமியாத்தாள் ஒரு தூக்குப் போசி நிறைய மோரோடு வந்துவிட்டாள்.

"மூஞ்சியச் சித்த கழட்டி வெச்சுப்போட்டுக் குடிங்க கண்ணு. ஊட்டுக்கு வந்தவங்க வெறும் வாயோட நிக்கறதாவது."

கர்னல் கையை ஆட்டித் தடுத்தார். சாமியாத்தாள் அந்தக் கையிலேயே டம்ளரைக் கொடுத்துவிட்டாள். இயந்திரம் மோரை மோந்து பார்த்தது. சத்தம் இல்லை. உவைஸின் முகம் மலர்ந்தது.

"சார், மோரே சுத்தமா இருக்குது பாருங்க! நான் சொன்னனில்ல?" என்று அவர் மகிழ்ச்சியில் கர்னலிடமே தமிழில் சொன்னார்.

சோதனை மறுநாள் காலை பத்து மணிக்கு. உவைஸ் செங்கோட்டையனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க ஊட்ல பிரிட்ஜ் இருக்குதாமுங்களே?"

ஊரிலேயே அது ஒன்றுதான் இருந்தது.

"இந்த மூணு குப்பிய அதுல வெக்கணுங்க. இதுதான் மெசினோட உசுரு. குதிரை ரத்தத்துலருந்து எடுத்த ஒரு சத்துங்க."

"அந்தியூர்ச் சந்தைக் குதிரைங்களா?"

"எந்த ஊர்க் குதிரைன்னு தெரியலைங்க ஐயா. இதை ஒரு தகட்டுல பூசி மூக்குக்குள்ள வெப்போம். சத்து வேலை செஞ்சுக்கிட்டே இருந்தா மெசின் சும்மா இருக்கும். விஷம் பட்டா சத்து செத்துப்போயிரும். செத்தா மணி அடிக்கும்."

குப்பிகள் இட்லி மாவுக்கும் தயிர்ச் சட்டிக்கும் நடுவே உட்கார்ந்தன. குதிரை ரத்தம் என்று கேட்டதும் சாமியாத்தாள் தயிரை மேல் தட்டுக்கு மாற்றினாள்.

செங்கோட்டையன் பிரிட்ஜின் முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விஷயம் அவருக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. குதிரையின் சத்தை வெயிலில் வைத்துக் கொன்றுவிட்டால் மெசின் வேலை செய்யாது. ராணுவம் ஊரைப் பார்க்கப் போய்விடும். குப்பியைக் கையில் எடுத்தே விட்டார். இருந்தாலும் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று வாசலில் நின்ற உவைஸிடம் வந்தார்.

"தம்பி, இந்தச் சத்து சூட்டுல கெட்டுப்போச்சுன்னு வெய்யுங்க. மெசின் என்ன பண்ணும்?"

"நிறுத்தாமக் கத்துங்க ஐயா. அதுக்கு, விஷம் பட்டுச் செத்துச்சா, சூட்டுல செத்துச்சான்னு தெரியாதுங்களே."

செங்கோட்டையன் திரும்பி ஓடிக் குப்பியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். அந்த நிமிஷம் கரண்ட் போனது.

சுண்டக்காபாளையத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. அவர் குப்பிகளை ஈரத் துணியில் சுற்றி டி.வி.எஸ். ஐம்பதில் ஏறி, மூன்று மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்த ஐஸ்காரரை மறித்தார். பெட்டியில் இருந்தது நாற்பத்தி ரெண்டு சேமியா ஐஸ். அத்தனையையும் அப்படியே வாங்கி, நடுவே குப்பிகளைச் செருகி, பெட்டியையும் ஐஸ்காரரையும் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார். மெசினைக் கெடுக்கக் கிளம்பிய மனுஷர், முகம் தெரியாத ஒரு குதிரையின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தியில் கரண்ட் வரும் வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஐஸ் உருகி வேட்டியெல்லாம் சேமியா. அதைப் பார்த்த உவைஸ் கர்னலிடம், இந்த மனிதரைப் போல தேசபக்தி உள்ளவர்கள் பத்துப் பேர் இருந்தால் போதும் என்று இங்கிலீஷில் சொன்னார். கர்னல் அதைக் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஊர் முழுக்க வரப்பில் நின்றது. தோட்டத்தின் நடுவே ஒரு முக்காலி, அதன்மேல் இயந்திரம். ஊருக்கு மேற்கே கடைசித் தோட்டம் அது. அதற்கப்பால் காடும் மலையும்தான். காற்று மலையிலிருந்து இறங்கி, யாருடைய மருந்தையும் சுமக்காமல், நேராகக் கத்தரிச் செடிக்குள் நுழைந்தது. உவைஸ் குப்பியைத் திறந்து தகட்டில் பூசி மூக்குக்குள் செருகினார். சிப்பாய்கள் முகமூடி போட்டார்கள்.

செங்கோட்டையனுக்கு மெசின் சொல்லி ஊர் தெரிந்துகொள்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

"ஏனுங்க கர்னல் சார், ஒரு சின்ன விசயமுங்க. இருபது வருசத்துக்கு முன்னால..."

கர்னல் உதட்டில் விரலை வைத்தார். உவைஸ் பொத்தானை அமுக்கினார்.

மூக்கு காற்றை உறிஞ்சியது. ஒரு காக்கை கத்தியது. மெசின் கத்தவில்லை. கண்ணாடியில் சிவப்பு எண் ஓடி ஓடி நின்றது: பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்.

உவைஸ் ஒரு கத்தரிக்காயைப் பறித்து ரெண்டாகப் பிளந்து மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டி மெசினைப் பார்த்தது. மெசின் புழுவைப் பார்த்தது. சத்தம் இல்லை.

கர்னலுக்குச் சந்தேகம். மெசின் உயிரோடுதான் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றார். முந்தின நாள் கழுவியும் காலையில் மறுபடி மருந்து அடித்திருந்த லட்சுமணசாமியைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். மெசின் வீறிட்டது. அவரைத் தள்ளிக்கொண்டு போய், ரெண்டாவது குப்பியிலிருந்து புதிதாகப் பூசினார்கள். அடங்கியது. மறுபடி கூட்டி வந்தார்கள். வீறிட்டது.

மூன்றாவது குப்பியைப் பூசி அதை அடக்கியதும், கர்னல் குதிகாலைச் சேர்த்து, செங்கோட்டையனுக்கு ஒரு சல்யூட் வைத்தார். ஊர் ஆர்ப்பரித்தது.

அரப்பு! செங்கோட்டையனின் நெஞ்சு விம்மியது. என்ன சாமான் அது! நாலு நாள் உழைப்பு வீண் போகவில்லை. அடுத்த வானொலிப் பேச்சை அரப்பைப் பற்றியே பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பியவர், ஒரு சிப்பாய் மெசினைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போவதைப் பார்த்தார்.

"அங்க எதுக்குங்க?"

"சார்ஜ் போடணுமுங்க ஐயா. பிளக் பாயின்ட் அங்கதானே இருக்குது" என்றார் உவைஸ். "மெசின் ஆன்லயேதான் இருக்கும். நீங்க கவலைப்படாதீங்க."

அவர் கவலைப்படாமல் பாய்ந்து ஓடினார். சிப்பாய் மெசினை ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தான். உள்ளே, புண்ணாக்குச் சாக்கு விலகி, பாதி காலியான டப்பா மூடி இல்லாமல் நின்றது. மெசினின் மூக்கு, கன்றுக்குட்டி தொட்டியில் வாய் வைத்த மாதிரி, டப்பாவின் வாய்க்குள்ளேயே இருந்தது.

பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்.

செங்கோட்டையன் சுவரைப் பிடித்துக்கொண்டார். செடியைக் குளிப்பாட்டினார், சரி. டப்பாவை அவர் குளிப்பாட்டவில்லையே.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சாமியாத்தாள் போன செவ்வாய்க்கிழமை மருந்து அடித்தபோது கட்டியிருந்த வேட்டியை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கண் கூசியது.

"நேத்துலருந்து கட்டியிருக்கற சேமியா வேட்டிய அவுத்துப்போட்டு இதைக் கட்டுங்க. கல்லு நடறப்ப போட்டோப் புடிப்பாங்களாமா. பாருங்க, நீலம் போட்டு வெளுத்தாப்புல எப்புடி நிக்குதுன்னு."

அவர் அந்த வேட்டியை வெகு நேரம் பார்த்தார். சாப்பிடவில்லை. கல் நட்டு, போட்டோ பிடித்து, ராணுவம் கிளம்பியதும், அதே வேட்டியோடு டி.வி.எஸ்.ஸில் ஏறித் தொண்டாமுத்தூர் போனார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். ராசப்பன் எழுந்து கும்பிட்டார்.

"வாங்க மச்சான், வாங்க. கல்லு நட்டாச்சுங்களாமா?"

செங்கோட்டையன் அவரை மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள, அந்த டப்பாவுல என்ன இருக்குது?"

"எந்த டப்பாங்க?"

"பூ வெச்சு அனுப்புவியே."

"அதுங்களா?" ராசப்பன் குரலை இறக்கினார். "சுண்ணாம்புத் தெளிவுங்க. சொட்டு நீலம் ஒரு மூடி. வாசத்துக்குச் சித்த மண்ணெண்ணெய்."

"எத்தன நாளா?"

"மொதல்லருந்தேங்க. மொத டப்பா கட்டறப்ப நெசமான மருந்துதான் எடுத்தேன். அன்னிக்குன்னு பாத்துக் கடை ரேடியோவுல நீங்க பேசறீங்க. ஒரு சொட்டு விஷம் என்ற மண்ணுல விழுந்தா நான் செங்கோட்டையனே இல்லைன்னு. எடுத்த மருந்தத் திருப்பி வெச்சுட்டேனுங்க. அக்கா ஊட்டுக்காரரு அத்தன சனத்துக்கு முன்னால சொன்ன சொல்லு, என்ற கடை டப்பாவால பொய்யாகலாமுங்களா?"

"புழு சாகலை, புழு சாகலைன்னு மாசா மாசம் வந்து அழுதனேடா. அப்பச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க வேற கடையில வாங்கிப்போடுவீங்களே மச்சான்."

"காசும் வாங்குனியே!"

"வாங்காட்டி சந்தேகப்படுவீங்களேன்னுதானுங்க வாங்குனேன்."

செங்கோட்டையனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏமாற்றுக்காரா என்று கத்த வாயைத் திறந்தார். கத்தினால் எந்த டப்பா என்று சொல்ல வேண்டும். எந்த டப்பா என்று சொன்னால் எதற்கு என்று சொல்ல வேண்டும். கடைக்காரன் போலி மருந்து கொடுத்துவிட்டான் என்று இந்தியாவின் பூஜ்யம் எப்படிப் புகார் கொடுக்கும்? மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "நம்ம பூஜ்யத்துக்காரரு வந்திருக்காருங்க!" என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள்.

"ரெண்டு கிலோ புண்ணாக்குக் குடு மாப்ள" என்றார் செங்கோட்டையன்.

ஒரு மாதம் கழித்து ரெண்டு சர்க்கார் கடிதம் வந்தது. ஒன்று செங்கோட்டையனுக்கு. கல்லைச் சுற்றியுள்ள ரெண்டு ஏக்கரில் எக்காலத்திலும் எந்த மருந்தும் படக்கூடாது. வருடா வருடம் சித்திரையில் இயந்திரம் வந்து தன் பூஜ்யத்தைப் பார்த்துப் போகும். இன்னொன்று லட்சுமணசாமிக்கு. சோதனைக்கு அவரும் தவறாமல் வரவேண்டும். அதுவரை எப்போதும் போலவே இருக்கவேண்டும், எந்தப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டாம். லட்சுமணசாமி அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார்.

"ஏனுங்க" என்றாள் சாமியாத்தாள் அன்று சாயங்காலம். "தம்பி கடையிலருந்து டப்பா எதும் வரலீங்களா?"

"என்ன டப்பா?" என்றார் அவர் திடுக்கிட்டு.

"மோட்டார் ரூம்ல வெப்பீங்களே, அதுதானுங்க. ஒரு மாசமா உங்க வேட்டி மங்கிக் கெடக்குது. மோந்து பாத்தேன், வெறும் நீலந்தானே. வாங்கிட்டு வாங்க, நேரா வேட்டிக்கே போட்டுக்கறேன். அதை எதுக்குச் செடியில கொண்டுபோய் அடிச்சீங்கன்னுதான் இத்தன வருசமா எனக்கு வெளங்கலை."

அவர் எழுந்து தோட்டத்துக்கு நடந்தார். கல்லின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. கல்லை ஒட்டி நின்ற செடியில் ஒரு காய், கை நிறைய, ஊதா நிறத்தில் தொங்கியது. அதன் வயிற்றில் ஒரு ஓட்டை. ஓட்டையிலிருந்து புழு ஒன்று பாதி உடம்பை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் அதை நசுக்க விரலைக் கொண்டுபோனவர், கல்லில் வெட்டியிருந்த சிங்கத்தைப் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"மெதுவாத் தின்னுங்க" என்றார். "இனி உங்களக் கேக்கறதுக்கு ஆளில்லீங்க."